யாரும் வரவில்லை, அக்கா

ஜேஜுத் தீவில் இருக்கும் அன்பு அக்கா வோல்சுனுக்கு, ஒசாகாவிலிருந்து தம்பி தல்சு வணங்கி எழுதுவது. இங்கு நான், மனைவி, மகள் மூவரும் நலம். உன் முழங்காலும் அத்தானின் இருமலும் எப்படி இருக்கின்றன?

அடுத்த மாதம் நானும் மகள் மிரியோங்கும் வருவதாக எழுதியிருந்தேன் அல்லவா, வரவில்லை. யாரும் வரவில்லை. எனக்காகச் சிப்பிக் கஞ்சி காய்ச்ச வேண்டாம்.

அகதிகள், நாடற்றோர் சட்டத்தைப் பற்றிப் பேச உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் அவளை அழைத்ததும் நான் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். மீன் விற்கும் ஹ்யோன் அம்மாள், "ஒம் பொண்ணு வக்கீலா?" என்றாள். "இல்ல, பேராசிரியர். நாடு இல்லாதவங்களுக்கான சட்டம் சொல்லிக் குடுக்குறா." "நாடே இல்லேங்கற, அப்புறம் சட்டத்த யாரு போட்டது?" என்று மீனை வெட்டப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன். சோறு ஆறும்வரை பதில் சொன்னாள், எனக்கு இன்னும் விளங்கவில்லை. இந்தப் படிப்பால் அவள் பட்டது கொஞ்சமா. பல வருடம் மூன்று கல்லூரிகளுக்கு ஓடி ஓடி ஒப்பந்த வேலை. ஒருமுறை ஜெனீவா மாநாட்டுக்குக் கிளம்பியவளை விமான நிலையத்தில் "எந்த நாடு?" என்று கேட்டார்கள், இவள் விளக்கினாள், விளக்கம் முடிவதற்குள் விமானம் போய்விட்டது. ஜப்பான் கொடுத்த அடையாள அட்டையில் அவளுக்கும் எனக்கும் நாடு என்று இருப்பது கொரியா இரண்டாகும் முன்பிருந்த பெயர். அந்தப் பெயரில் இப்போது நாடு இல்லை.

அங்கே வர அனுமதி கேட்டு இருவரும் தென்கொரியத் தூதரக அலுவலகத்துக்குப் போனோம். இளம் அதிகாரி மகளைக் கண்டதும் எழுந்து, "மேடம், ஒங்க புத்தகத்தப் படிச்சுத்தான் நான் பரீட்ச பாஸ் பண்ணேன்" என்று குனிந்து வணங்கினார். காரியம் முடிந்தது என்று நினைத்தேன். பிறகு உட்கார்ந்து, "ஐயா, தென்கொரியக் குடியுரிமை வாங்கிக்கிட்டா போக வர ஒரு தொல்லையும் இல்ல. ஏன் பழைய பேரையே புடிச்சுக்கிட்டிருக்கீங்க?" என்றார்.

"கப்பலேறி வடக்க போன எந் தம்பி அங்கதான் இருக்கான். நான் தெற்குன்னு எழுதிக் குடுத்துட்டா அவன் அசலூர்க்காரனாயிடுவான்ல" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "மேல அனுப்பறேன். ரெண்டு பேருக்குமே கெடைக்காதுன்னு வெச்சுக்கங்க."

மகளோடு வீடு திரும்பினேன். ரயிலில், "அப்பா, இதத்தான வருஷக்கணக்கா பாடம் நடத்துறேன். அங்க உங்களுக்காக ஒரு வார்த்த வரல" என்றாள். "அந்தப் பையன் பாஸ் பண்ணிட்டானே, ஒம் பாடம் நல்லாத்தான் இருக்கு" என்றேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழத் தொடங்கினாள்; எதிரில் இருந்தவர் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார்.

உன்னைப் படகுத்துறையில் விட்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தபோது எனக்கு ஆறு வயது. எழுபதிலும் திரும்பி வர முடியவில்லை. இனி ஆசை காட்டி எழுத மாட்டேன். அத்தானும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

உன் தம்பி,
கோ தல்சு

பி.கு: யாரும் வரவில்லை என்று எழுதியதை அடித்துவிடு. உறையை ஒட்டப் போகும்போது தூதரகத்திலிருந்து தொலைபேசி வந்தது. சொற்பொழிவுக்காக மிரியோங்குக்கு மட்டும் அனுமதியாம். "நீங்க இல்லாம நான் போகல" என்று உட்கார்ந்துவிட்டாள். திட்டிப் பெட்டி கட்ட வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்தவள் அவள்தான். கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்காதே. அவளுக்கு அப்படியே என் முகம் என்கிறார்கள். வெளிச்சத்தில் உட்கார வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்.