இல்லாத பிரேக்

டிரைவிங் மாஸ்டர் ஊரில் பாதிப்பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கட்டின மனைவிக்கு மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். "உனக்குப் பதற்றம் ஜாஸ்திம்மா," என்பார். சாவி அவள் கைக்குப் போனால், வீட்டில் மிச்சமிருக்கும் கொஞ்ச மரியாதையும் போய்விடும் என்று மனுஷனுக்கு உள்ளூரப் பயம்.

அவள் மறுபடி பேச்செடுத்தபோது சாமர்த்தியமாக மடைமாற்றினார்.

"கார் கிடக்கட்டும். பண்ணை விடுதிக்குப் போவோமா? குதிரை, ஆட்டுக்குட்டி, சாயங்காலம் மேடையில ஆட்டம் பாட்டு."

"போகலாமே."

உடனே ஒப்புக்கொண்டாளே, அப்போதே உறைத்திருக்க வேண்டாமா?

பண்ணையில் மாஸ்டர் மிடுக்காகக் குதிரை ஏறினார். "மெதுவாத்தான் நடக்கும் சார். குதிகால் பட்டா ஓடும்," என்றார் குதிரைக்காரர். ஊருக்கே பாடம் எடுப்பவர் இதையெல்லாம் காதில் வாங்குவாரா?

குறுக்கே ஒரு வாத்து வந்தது. பயிற்சிக் காரில் மாஸ்டர் சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. அதையே மிதித்துப் பழகிய கால் இங்கேயும் மிதித்தது. குதிகால் விலாவில் பட, குதிரை பாய்ந்தது. அது பாயப் பாய அவர் மிதித்தார். அவர் மிதிக்க மிதிக்க அது பாய்ந்தது. மேடையில் ஒத்திகை பார்த்தவர்கள் மேளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"ஏங்க, மிதிக்காதீங்க. காலை விரிங்க," என்றபடி மனைவி குதிரைக்காரர் வைத்திருந்த கேரட்டை வாங்கி நீட்டினாள். குதிரை அவளிடம் வந்து சமர்த்தாக நின்றது.

இறங்கியவருக்குத் தொடை இரண்டும் சேரவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "நீ இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்? உனக்குப் போய் சொல்லிக் கொடுக்காம இருந்தேனே. நாளைக்கே ஆரம்பிக்கிறேன், சத்தியமா."

"நாளைக்கு இருக்கட்டும். இந்தக் காலோட இப்ப யார் ஓட்டுறது? சாவியைக் குடுங்க."

ஆட்டுப் பட்டிக்கும் மரத்துக்கும் நடுவே வண்டியைப் பின்னால் எடுத்து, அலுங்காமல் திருப்பினாள். மாஸ்டருக்குத் திறந்த வாய் மூடவில்லை.

"எங்கே கத்துக்கிட்டே?"

"உங்க ஸ்கூலுக்கு எதிர்த்த டிரைவிங் ஸ்கூல்லதான். லைசென்ஸ்கூட வாங்கிட்டேன்."

"அதை நடத்துறவன் என்கிட்டப் படிச்சவனாச்சே!"

"அதான் போனேன். பாடம் உங்களுது. திட்டு மட்டும் கிடையாது."

"அப்புறம் ஏன் என்கிட்டக் கேட்டுட்டே இருந்தே?"

"உங்க வாயால ஒரு 'சரி' வரட்டும்னுதாங்க."

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. இப்படி ஒருத்தி வாய்த்தாளே என்று மனசு குளிர்ந்துபோயிருந்தது. பக்கத்து சீட்டில் பயமில்லாமல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது அவருக்கு ஆயுளில் இதுதான் முதல் தடவை.

எதிரே ஒரு மாடு வந்தது.

"காலை எடுங்க," என்றாள் அவள், ரோட்டைப் பார்த்தபடியே. "இந்த வண்டியில அந்தப் பக்கம் பிரேக் கிடையாது."