வளையம் இழந்த டப்பாவின் வதம்

எறும்புக்கும் மறவாமல் இரை வைக்கும் இறைவனை முதற்கண் வணங்கி, முதுகிலே மலையையும் வயிற்றிலே பாலையையும் சுமந்தவனும், பதினொரு நாளில் நான்கு தலைநகரங்களைக் கால்நடையாகவே அளந்தவனும், டிராம் வண்டி மணியடித்து அழைத்தபோதும் ஏறாத நெஞ்சுரம் படைத்தவனும், லித்துவேனிய நாட்டுக் கௌனாஸ் நகரம் பெற்றெடுத்த இருபத்திரண்டு வயதுச் செம்மலுமாகிய ரோகாஸின் பெரும்புகழைப் பாடுகிறோம். கேட்பவர் வயிறு நிறைவதாக.

அம்மாவீரனும் ஒரு பிழை செய்தான். ஊர் ஊராக அலைபவர்க்கே வாய்க்கும் பிழை அது. எந்த ஊர் என்பதை ரயில் நிலையப் பலகை சொல்லிவிடும். என்ன கிழமை என்பதை எந்தப் பலகையும் சொல்வதில்லை. பேருந்தில் உறங்கிப் பூங்காவில் விழித்த அவனுடைய கணக்கில் அன்று சனி. வியன்னாவின் கணக்கிலோ ஞாயிறு. ஞாயிறன்று அந்நகரத்து மளிகைக் கடைகள் ஓய்வு கொள்ளும் என்பதை அறியாத குழந்தையல்லன் அவன். அன்று ஞாயிறு என்பதைத்தான் அறியவில்லை. மாலை ஐந்து மணிக்கு அவன் படையெடுத்துச் சென்ற கடைகள் மூன்றும் கதவடைத்த கோட்டைகளாக நின்றன. கண்ணாடிக்கு அப்பால், இருட்டில், வாழைப்பழங்கள் மட்டும் மஞ்சளாகச் சிரித்தன. உணவகங்கள் திறந்துதான் இருந்தன. ஆனால் அவற்றின் விலைப்பலகைகள் ஈட்டி ஏந்திய காவலரைப் போல அவனை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பின.

தனியனாக இருந்திருந்தால் பசியையே போர்வையாகப் போர்த்துக்கொண்டு உறங்கியிருப்பான். உடன் வந்தவளோ தங்கை ஐஸ்டே. பத்தொன்பது வயது, வீட்டை விட்டு வந்த முதல் பயணம், இரண்டு நாளாகச் சளியும் காய்ச்சலும். ஓராண்டு கெஞ்சி அவளைக் கூட்டி வந்தவன் அவனே. அவள் பாதியில் திரும்பிவிட்டால், இனி எந்நாளும் தன்னோடு ஓர் அடி எடுத்துவைக்க மாட்டாள் என்பதை அவன் நன்றாக அறிந்திருந்தான். வெறுங்கையோடு விடுதிக்குத் திரும்பியவனை, எட்டுப் பேர் உறங்கும் அறையின் கீழ்க்கட்டிலில் கிடந்தபடி அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ எனக்கு ஊர் சுத்திக் காட்டக் கூட்டிட்டு வந்தியா, இல்ல விரதம் இருக்கக் கூட்டிட்டு வந்தியா? இன்னிக்குப் படுக்கிறதுக்குள்ள சூடா ஏதாவது வயித்துக்குள்ள போகணும் ரோகாஸ். இல்லன்னா நாளைக்குக் காலைல நான் வீட்டுக்குக் கிளம்புறேன்.”

இடி விழுந்தால் காதையாவது பொத்திக்கொள்ளலாம். சளியடைத்த மூக்கோடு சொன்ன சொல்லுக்கு என்ன கேடயம் உண்டு? வீரன் படியிறங்கிச் சமையலறைக்குள் புகுந்தான்.

விடுதிச் சமையலறைகளில் ஒரு நல்வழக்கம் உண்டு. ஊரைவிட்டுப் புறப்படுகிறவர்கள் தங்கள் மிச்சத்தை அலமாரியின் ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். புதிதாக வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வைத்தவர் யார், எடுத்தவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அறம் இன்னும் உயிரோடிருக்கிறதா என்று ஐயுறுவோர் அந்தத் தட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். அன்று அதில் உப்பு இருந்தது, அரைப் புட்டி வினிகர் இருந்தது, அவற்றின் பின்னே, குகைக்குள் அரக்கனைப் போல, ஒரு தகர டப்பா அமர்ந்திருந்தது.

அதன் மேலிருந்த தாள் உரிந்துபோயிருந்ததால் உள்ளே இருப்பது இன்னதென்று எவரும் அறியார். இழுத்துத் திறக்கும் வளையம் என்றோ ஒடிந்துபோயிருந்தது. விடுதியின் டப்பா திறப்பானோ சக்கரம் கழன்று இழுப்பறையில் வீரமரணம் எய்தியிருந்தது. உணவுப் பொட்டலங்களில் பெயரெழுதுவதற்கென்று அங்கே தொங்கிய தடித்த பேனாவால், தோற்றுப்போன வீரர்கள் டப்பாவின் உடல் முழுதும் தத்தம் பெயரையும் ஊரையும் பொறித்திருந்தனர். ‘கிரகாம், ஹோபார்ட். தோற்றேன்.’ ‘யூமி, சென்டாய். நானும்.’ இப்படிப் பதினான்கு பெயர்கள், ஐந்து கண்டங்கள்.

ரோகாஸ் அதைக் கையிலெடுத்தான். “உன்னைத் திறக்காம இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்” என்று டப்பாவிடமே சூளுரைத்தான்.

போர் மூண்டது. முதலில் கரண்டி பாய்ந்தது. அது புயலில் சாய்ந்த நாணலாக வளைந்து மீண்டது. பின்னர் முள்கரண்டி, ஒரு பல்லை இழந்து புறமுதுகிட்டது. பெட்டிச் சாவியால் குத்தினான், சன்னல் விளிம்பில் இடித்தான், கல்தரையில் தேய்த்தான், இரு தொடைகளுக்கிடையே இறுக்கிக்கொண்டு மல்லனைப் போல முறுக்கினான். அடிக்கு அடி டப்பாவின் முகம் நசுங்கியதே தவிர, வாய் திறக்கவில்லை.

அதே மேசையின் மறுபுறம் லியோனோர் என்ற பெண் அடுப்பில் கொதிக்கும் சூப்புக்கு உருளைக்கிழங்கும் வெங்காயமும் நறுக்கிக்கொண்டிருந்தாள். போர்ச்சுகலிலிருந்து மிதிவண்டியிலேயே வந்தவள். அவனைவிடப் பத்து வயது மூத்தவள். வீரன் இடிக்கும்போதெல்லாம் தன் பலகையைச் சற்றே நகர்த்தி, போர்க்களத்துக்கு இடம்விட்டாள். அவளிடம் ஓர் உதவி கேட்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் எவரையும் எதற்கும் அண்டுவதில்லை என்று கௌனாஸ் பேருந்து நிலையத்தில் வஞ்சினம் உரைத்துப் புறப்பட்ட நாவல்லவா அது? அவன் கண் கூரையைப் பார்த்தது, குழாயைப் பார்த்தது, அவளை மட்டும் பார்க்கவில்லை.

கால் மணி நேரம் சென்றது. விரலில் கீறல், நெற்றியில் வியர்வை, கால்சட்டையில் வினிகர். பதினைந்தாம் பெயராக, ‘ரோகாஸ், கௌ’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழலாடியது. போர்வையைச் சுற்றிக்கொண்டு, மூக்கு சிவக்க ஐஸ்டே நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை.

“விடு ரோகாஸ். கையெல்லாம் கிழிஞ்சிருக்கு பாரு. வா, படுத்துக்கலாம்.”

பதினான்கு வீரரை வென்ற டப்பாவால் செய்ய முடியாததை அந்த ஒரு சொல் செய்தது. அவன் பேனாவைக் கீழே வைத்தான். நான்கு தலைநகரங்களை அளந்தபோதும் செய்திராத அருஞ்செயலை, மலை பெயர்வதைப் போல மெல்லத் திரும்பி, அக்கணம் செய்தான்.

“ஏங்க... டப்பா திறக்க உங்ககிட்ட ஏதாவது இருக்குமா? தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல.”

லியோனோர் கத்தியை நிறுத்தினாள். “இதை முன்னாடியே கேக்கக் கூடாதாப்பா? பேரெல்லாம் எழுதியிருக்கவும் நான் ஏதோ பந்தயம்னு நெனச்சேன். நடுவுல புகுந்தா கோவிச்சுக்குவியோன்னு வாயை மூடிட்டு நிக்கிறேன்.”

அவள் அதுவரை வெங்காயம் நறுக்கிய மடக்குக் கத்தியின் மறுபக்கத்திலிருந்து ஒரு சிறு கொக்கியை விரித்தாள். பத்து நொடி. ஐந்து கண்டங்களை எள்ளி நகையாடிய தகரம், தயிர் ஏடு போல வட்டமாகப் பெயர்ந்து விழுந்தது. மூவரும் குனிந்து பார்த்தனர். சர்க்கரைப் பாகில், பனிக்காலத்துச் சூரியர்களாக, பீச் பழத் துண்டுகள் மிதந்தன.

சூடான உணவு அதுவன்று என்பதை மூவரும் ஒரே கணத்தில் உணர்ந்தனர். முதலில் ஐஸ்டேதான் சிரித்தாள். சிரித்து, இருமி, மறுபடியும் சிரித்தாள். லியோனோர் தன் கிழங்குச் சூப்பில் இன்னும் இரண்டு குவளை நீர் ஊற்றி, மூன்று கிண்ணங்களை எடுத்துவைத்தாள். அழைக்காத விருந்துக்கு அளவு பார்க்காமல் நீர் சேர்க்கும் கைகளை இறைவன் எந்நாளும் காப்பானாக! விண்ணிலே தேவர் முரசு முழங்க, மண்ணிலே அடுப்பு சுடர்விட, தோல்வியே வெற்றியாகவும் வினவுதலே வீரமாகவும் விளங்கிய அந்த மாலைப்பொழுதில், எண்டிசை மாந்தரும் வாழ்த்தொலி எழுப்ப, ரோகாஸ் கரண்டியை உயர்த்தினான்.

ஐஸ்டே ஊருக்குப் போகவில்லை. மறுநாள் ரெண்டு பேரும் அடுத்த தலைநகரமான பிராட்டிஸ்லாவாவுக்குப் பஸ் ஏறினார்கள்.