கௌமாரியின் கையில் ஒரு எச்சரிக்கை

பயம் வந்துவிட்டால் மனிதன் தனக்குத் தெரிந்த தொழிலைத்தான் செய்வான். நான் சின்னமனூர்ப் பக்கம் திராட்சைப் பெட்டி கட்டுகிறவன். பெட்டியை மூடியதும் மேலே தடித்த மார்க்கரில் ‘கவிழ்க்காதே’, ‘மேலே அடுக்காதே’ என்று எழுதுவேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்ட பிறகு நான் எழுதிய மொத்த இலக்கியமும் அதுதான்.

என் மனைவி கௌமாரி, அத்தை மகள். அவளுக்கு மயஸ்தீனியா கிரேவிஸ். தசைகள் சீக்கிரம் அசந்துபோகும் நோய். சாயங்காலமானால் இடது இமை தானாக இறங்கிவிடும். (எவனைப் பார்த்துக் கண்ணடிக்கிறாய் என்று கேட்பேன். ஒங்களத் தவிர எவனா இருந்தாலும் சரி என்பாள்.) பாதிப் புரோட்டாவிலேயே தாடை ஓய்ந்துவிடும். மீதி எனக்கு. நோயில் எனக்கும் பங்குண்டு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பித்தப்பையில் கல், ஆபரேஷன் என்றதும் என் வாய் அடங்கிவிட்டது. நரம்பு டாக்டர் ஏற்கனவே சொல்லியிருந்தார்: சில மாத்திரையும் ஊசியும் இவளுக்கு ஒத்துக்கொள்ளாது. மயக்கத்தோடு தசையைத் தளர்த்தப் போடும் மருந்து மற்றவர்களைவிட இவளை அதிகமாக அமுக்கிவிடலாம். மூச்சு திரும்புவது தாமதமாகலாம். மயக்க டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முதல்நாள் அந்த மயக்க டாக்டரம்மா வார்டுக்கு வந்தபோது நான் கீழே டீக்கடையில் இருந்தேன். எல்லாம் சொல்லிவிட்டேன் என்றாள் கௌமாரி. எனக்கு மனசு ஆறவில்லை. காலையில் டாக்டர் சொன்னபடி ஒரு வாய்த் தண்ணீரில் அவள் மாத்திரையை விழுங்கியதும், சட்டைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்தேன்.

“என்னைய லோடு ஏத்தப் போறீகளா மாமா?” என்றாள். ஆனால் கையை நீட்டினாள். முழங்கையில் தொடங்கி மணிக்கட்டுவரை எழுதினேன்: ‘மயஸ்தீனியா. தளர்த்தும் மருந்து போடாதே.’

நர்ஸ் வந்தார். கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மணிக்கட்டுப் பக்கம் ஊசிக்குழாயைக் குத்தி, மேலே அகலமாகப் பிளாஸ்டர் ஒட்டி, அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

தியேட்டர் கதவு மூடியபோதுதான் எனக்கு உறைத்தது. ‘போடாதே’ பிளாஸ்டருக்கு அடியில் போய்விட்டது. வெளியே மிச்சமிருப்பது ‘மயஸ்தீனியா. தளர்த்தும் மருந்து’ மட்டும். என் கையெழுத்தில் நானே அவளுக்கு மருந்துச் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன்.

செருப்போடு உள்ளே ஓடினேன். வாட்ச்மேன் சட்டையைப் பிடித்தார். கிழிந்த பாதி அவரிடம் நின்றது, மீதியோடு நான் போனேன். “டாக்டரம்மா, கையில இருக்குறத நம்பாதீக” என்று கத்தினேன்.

ஊசியோடு நின்ற டாக்டரம்மா பதறவில்லை. “கையப் பாத்து நாங்க மருந்து போடுறதில்ல தம்பி. நேத்தே ஒங்க சம்சாரம் எல்லாம் சொல்லிட்டாக. தேவைப்பட்டாத்தான் தளர்த்துவோம், அதையும் மிஷின்ல பாத்துப் பாத்துக் கொஞ்சமாத்தான் குடுப்பேன். அவுக தானா நல்லா மூச்சு விடுறவரைக்கும் நகர மாட்டேன்.”

அவ்வளவுதான். என் உடம்பிலிருந்த தசையெல்லாம் ஒரு ஊசியும் இல்லாமல் தளர்ந்தது. கட்டிலில் இன்னும் விழித்திருந்த கௌமாரியின் கண்ணெதிரே அப்படியே விழுந்தேன். தாடை கட்டில் சக்கரத்தில் இடித்துக் கிழிந்தது.

கண் விழித்தபோது வேறொரு அறையில், தாடையில் தையலோடு கிடந்தேன். பக்கத்தில் அத்தை.

“அவளுக்குத் தொணைக்கு வந்தீகளா, போட்டிக்கு வந்தீகளா மருமகனே?”

கேட்டுவிட்டு முந்தானையால் தன் கண்ணைத்தான் துடைத்துக்கொண்டார். அவளைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியமில்லை. அவருக்கும் இன்னும் தகவல் ஏதும் வரவில்லை. இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் டாக்டரம்மாவே வந்தார். மூச்சுக்கு வைத்த குழாயை எடுத்தாயிற்று, தானாகவே மூச்சு விடுகிறாள், இருந்தாலும் நாளைவரை கண்காணிப்பில் வைத்திருப்போம் என்றார். பிறகு முகக்கவசத்தை இறக்கிச் சிரித்தார். கௌமாரி பேசிய முதல் வார்த்தையும் தெளிவாக வந்ததாம்:

“எங்க மாமாவுக்கு மயக்கம் தெளிஞ்சிருச்சா?”

இன்றைக்கும் கல்யாணம் காதுகுத்து என்று போனால், சொந்தக்காரர்கள் ஆபரேஷன் செய்துகொண்டவளை விட்டுவிட்டு என்னைத்தான் நலம் விசாரிக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கௌமாரி முந்திக்கொள்வாள்:

“இன்னும் தெளியல. நாந்தான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிறேன்.”