சீமை வீட்டுக்குப் பால் காய்ச்சிய கதை

பயந்தவள் கையில் நெருப்புப்பெட்டியைக் கொடுக்கக் கூடாது. இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. நான் படித்தது இரண்டாம் வகுப்பு வரைக்கும். அதிலும் பாதி நாள் வாத்தியார் தூங்கினார், மீதி நாள் நான் தூங்கினேன். ஆனாலும் இதைச் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன் (வீடு தொரைசாணியோடது, செலவான உசிரு மட்டும் என்னோடது).

கண்டி மலையில் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். துரைக்கு ஆண் பிள்ளை பிறந்த கையோடு, பதின்மூன்று வயதில் என்னைப் பங்களாவில் ஆயாவாகச் சேர்த்துவிட்டார் அப்பா. பிள்ளை போத்தல் பாலைத் தொடாது. பங்களாவே கதிகலங்கி நின்றபோது, நான் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டிலிருந்து எங்கள் அம்மாவின் பாலாடைக் கிண்ணத்தைக் கொண்டுவந்து புகட்டினேன். சத்தமில்லாமல் குடித்தது. அன்றிலிருந்து அவன் எனக்கு 'பேபி துரை'. ஏழு வயதாகி, மரமேறி, தோட்டத்து நாயையெல்லாம் கல்லால் அடித்தபோதும் பேபி துரைதான்.

ஏழு வயதில் அவனைச் சீமைக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். வெள்ளைக்காரர் வழக்கம் அது. லண்டனில் துரைசாணியின் தாய்வீட்டில் தங்கிப் படிப்பானாம். பிள்ளை போன பிறகு ஆயாவுக்குப் பங்களாவில் என்ன வேலை? துரை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். துரைசாணியோ பேபி துரை விட்டுப்போன ஒரு மரப்பெட்டியைத் திறந்தார்.

பெட்டி நிறைய விளையாட்டுக் கல். சுண்டுவிரல் அளவில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று சின்னச் சின்னச் செங்கல். துரைசாணி பக்கத்து அறையில் மேசை போட்டு, தன் தாய்வீட்டை அப்படியே கட்டத் தொடங்கினார். பழைய ராணி காலத்து வீடாம். ஒல்லியாக, உயரமாக, அடுத்த வீட்டுக்காரனோடு கோபித்துக்கொண்டு விறைத்து நிற்பவன் மாதிரி இருக்கும். தரைக்குக் கீழே சமைக்கிற குசினி. அதற்குமேல் மூன்று மாடி. முன்னால் வயிறு தள்ளினாற்போல ஜன்னல். வாசலுக்கு ஏறும் படி, கொண்டை ஊசியில் செய்த வேலி, ஜன்னலுக்குச் சீலைத் துண்டில் திரை, அறைக்குள் கடதாசி மட்டையில் தளம். கூரைமேல் புகைபோக்கி. அதை வெறும் அலங்காரமாக வைக்கவில்லை. கீழ்க்குசினியிலிருந்து கூரை வரைக்கும் உள்ளே ஓட்டையாகவே கட்டியிருந்தார். மேல்மாடி மூலையில் நெருப்புப்பெட்டி அளவு கட்டில் ஒன்று. அது பேபி துரை படுக்கிற அறை. கட்டி முடித்த பிறகு, துரைசாணி தினமும் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடிப்பார்.

அந்த வீட்டைத் தூசி தட்ட ஆள் வேண்டும் என்றுதான் என்னை நிறுத்தி வைத்தார். சீமெந்தும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. கல்லின்மேல் கல் சும்மா உட்கார்ந்திருக்கும். கோழி இறகால் தட்டுவேன். மூச்சு விடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தும்மல் வந்தால் தோட்டத்துக்கு ஓடிப்போய்த் தும்முவேன். ஏனென்றால் துரை ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, தோட்டத்துத் தமிழில் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "கல்லு விழுந்தா பத்துச்சீட்டு. அப்பனுக்கும் சேத்து."

பற்றுச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டுப் போ என்று துரை எழுதிக் கொடுக்கிற துண்டு. ஆளுக்கு மட்டுமல்ல. அப்பா, அம்மா, தம்பிமார், அம்மி, கோழி எல்லாருக்கும் சேர்த்துத்தான். அந்த நாளில் வேலை போனால் லயத்து வீடும் போச்சு. நான் தும்முவதில் ஆறு பேர் குடியிருப்பு இருந்தது.

இந்தப் பயம் போதாதென்று, ஒரு அந்தி நேரம் விளக்கு ஏற்றப் போனபோது, வீட்டுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். பங்களாக் கதவை அல்ல, மேசைமேல் இருந்த கல் வீட்டின் கதவை. டொக்... டொக்... டொக்... வெறும் பானைக்குள் பேசுகிற குரல் மாதிரி. விளக்கைத் தூக்கிப் பார்த்தேன். மேல்மாடியில், பேபி துரையின் ஜன்னலில், இரண்டு கண் மினுங்கிற்று.

பங்களாக் குசினிக்குள் போய்த்தான் நின்றேன். எப்படிப் போனேன் என்று கால்களைத்தான் கேட்க வேண்டும்.

பங்களாவில் சமைக்கிறவர் சவரிமுத்து அண்ணன். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். நல்ல மனுசர், ஆனால் பயப்படுகிற ஆளைக் கண்டால் அவருக்குக் கறிக்கு உப்புப் போட்டமாதிரி. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தாமலே கேட்டார்:

"வீட்டுக்குப் பால் காய்ச்சுனாங்களா?"

"வெள்ளைக்காரங்க எங்கண்ணே பால் காய்ச்சுவாங்க?"

"அதான். கட்டி முடிச்ச வீட்டுல பால் காய்ச்சாம விட்டா, ஆளு வராட்டி வேற என்னமோ குடிவந்துரும் புள்ள."

"அது வெளையாட்டு வீடுண்ணே."

"அப்ப வெளையாட்டுப் பேய்" என்றார்.

அதோடு விட்டிருந்தால் நான் முருகன் பேரைச் சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் அந்த வாரம் சீமைக் கடிதம் வந்தது. துரைசாணி சாப்பிடவில்லை. சூப்பு வைக்கப் போன சவரிமுத்து அண்ணன் காதில் வாங்கிக்கொண்டு வந்து சொன்னார், பேபி துரைக்கு இருமலாம், படுத்த படுக்கையாம்.

எனக்கு இரண்டையும் முடிச்சுப்போட நேரமே ஆகவில்லை. இங்கே அவன் ஜன்னலில் கண். அங்கே அவன் கட்டிலில் இருமல். பால் காய்ச்சாத வீட்டில் என் பிள்ளையைக் குடிவைத்திருக்கிறார்கள்.

வீட்டைத் தொட்டால் என் குடும்பம் தெருவில். தொடாவிட்டால் பேபி துரை என்ன ஆவானோ. இரண்டு பயமும் கோழிச் சண்டை போட்டன. பெரிய பயம் ஜெயித்தது.

சனிக்கிழமை பால் காய்ச்சக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் துரையும் துரைசாணியும் கண்டிக் கடைகளுக்குப் போவது சனிக்கிழமைதான். சனீஸ்வரனிடம் விஷயத்தை எடுத்துச் சொல்லிவிட்டேன்.

கார் வளைவைத் தாண்டியதும் வேலையைத் தொடங்கினேன். நிலைவாசலுக்கு விரல் நுனியால் மஞ்சள், ஈர்க்குச்சியால் குங்குமம். மாவிலைத் தோரணம் கட்டினால் வீடே மறைந்துவிடும். அதனால் தேயிலைக் கொழுந்தை நூலில் கோத்துக் கட்டினேன் (நல்லாத்தான் இருந்துச்சு, இப்பவும் சொல்லுவேன்). கீழ்க்குசினிக்குள் மூன்று கல்லை அடுப்பாக வைத்து, நடுவில் சூடக் கட்டி வைத்தேன். மேலே பேபி துரைக்குப் புகட்டிய அதே பாலாடை. அதில் பால்.

சவரிமுத்து அண்ணன் பாலைக் கொண்டுவந்து கொடுத்தார். "நான் பாக்கத்தான் வந்தேன். எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லிவிட்டு, எல்லாரையும்விட முன்னால் குனிந்து நின்றார்.

குச்சி மூன்று உடைந்தது. நாலாவது பற்றியது. வீட்டின் பின்பக்கம் சுவர் கிடையாது. அந்த வழியாகக் கையை விட்டேன். உள்ளே இருக்கிறது என் விரலைப் பிடித்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு நெருப்பு வைத்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

சூடம் எரிந்தது. பால் அசையவில்லை.

"பத்தல புள்ள. இன்னொரு கட்டி போடு" என்றார் சம்பந்தமில்லாதவர்.

போட்டேன். இன்னொன்றும் போட்டேன். அப்போது கூரைமேல் புகைபோக்கியிலிருந்து மெல்ல ஒரு புகை எழும்பியது. நூல் மாதிரி, நேராக. ஜன்னல் எல்லாம் மஞ்சளாக வெளிச்சம். உள்ளே யாரோ குடியிருந்து, சமைத்து, பிள்ளைகளைக் கூப்பிடுகிற வீடு மாதிரியே இருந்தது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். என் பயம்கூட ஒரு நிமிசம் உட்கார்ந்து இளைப்பாறியது.

பாலாடை விளிம்பில் நுரை கட்டிப் பால் பொங்கிற்று. கிழக்குப் பக்கமாகத்தான் வழிந்தது.

"பொங்கிருச்சுண்ணே" என்றேன்.

அதே நேரம் புகைபோக்கிக்குள் இருந்தது வெளியே வந்தது. கரி பூசி, கண் பிதுங்கி, ஒரே தாவலில் சவரிமுத்து அண்ணன் கழுத்தில் ஒட்டிக்கொண்டது.

அவர் யேசுவையும் மாதாவையும் கூப்பிட்டு, அவசரத்தில் என் முருகனையும் சேர்த்துக் கூப்பிட்டார். பின்னால் துள்ளியபோது அவர் இடுப்பு மேசையை இடித்தது. வயிறு தள்ளின ஜன்னல் அப்படியே முன்னால் சரிந்தது. வாசல்படி போயிற்று. கொண்டை ஊசி வேலி தரையில் சிதறியது. கடதாசித் தளம் பற்றிக்கொண்டது, சீலைத் திரை பற்றிக்கொண்டது. பற்றாமல் இருந்தது நான் மட்டும்தான், ஏனென்றால் நான் வியர்வையில் நனைந்து போயிருந்தேன். அண்ணன் பூச்சாடியைத் தூக்கித் தண்ணீரையும் பூவையும் சேர்த்து ஊற்றினார். நெருப்பு அணைந்தது. எரிந்த வீட்டுக்கு மாலை போட்டமாதிரி, மேலே நாலு ரோசாப்பூ.

கழுத்திலிருந்து விழுந்தது தரையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. தேரை. பக்கத்தில் இருந்த பூந்தொட்டியிலிருந்து ஏறி, குளிர்ச்சியாகக் கல் வீட்டில் குடியிருந்திருக்கிறது. டொக் என்றது.

அப்போதுதான் கார் சத்தம் கேட்டது. வழியில் மண் சரிந்து, பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள்.

கதவில் துரை நின்றார். பின்னால் துரைசாணி. சவரிமுத்து அண்ணன் காலி பூச்சாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நான் இப்பத்தான் வந்தேன், தொரை" என்றார்.

துரை வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரே வார்த்தை சொன்னார். "பத்துச்சீட்டு."

அம்மி முன்னால் போக, கோழி பின்னால் போக, அப்பா தலையில் மூட்டையோடு மலை இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் துரைசாணி என்னைப் பார்க்கவில்லை. நேராக மேசைக்குப் போனார். வீட்டின் முன்பாதி விழுந்துவிட்டது. ஆனால் புகைபோக்கியைப் பிடித்துக்கொண்டு மேல்மாடி மூலை மட்டும் நின்றது. கட்டில் அப்படியே இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சாம்பலுக்குள் கையை விட்டு, கறுத்துப்போன பாலாடையை எடுத்தார். அது எதுவென்று அவருக்குத் தெரியும். ஏழு வருசத்துக்கு முன் அதைப் பார்த்து முகம் சுளித்தவர் அவர்தான்.

"இது ஏன்?" என்றார்.

"புது வீட்டுக்குப் பால் காய்ச்சுனேங்க தொரைசாணி. பேபி தொரைக்கு இருமலுன்னு... பால் பொங்குனா வீட்டுல உள்ளவங்க நல்லாருப்பாங்க."

அவர் தமிழைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பால் மேலே வந்ததா?"

"வந்துச்சுங்க. கெழக்காலதான் வழிஞ்சுச்சு."

துரைசாணி துரையின் பக்கம் திரும்பி, இங்கிலீசில் மெதுவாக ஏதோ சொன்னார். நாலு வார்த்தைகூட இருக்காது. துரை தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். (அந்த நாலு வார்த்தை என்னான்னு தெரிஞ்சிருந்தா, எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிப் பாத்திருப்பேன்.) பற்றுச்சீட்டுப் பேச்சு அதற்குப் பிறகு அந்தப் பங்களாவில் எழும்பவில்லை.

தண்டனை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கல்லையும் நான் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு துரைசாணியோடு உட்கார்ந்து வீட்டைத் திரும்பக் கட்ட வேண்டும். கல் வைக்கும்போது அவர் சொல்லிக்கொண்டே வருவார், இங்கே அப்பா புத்தகம் படிப்பார், இந்தப் படியில் நான் விழுந்தேன் என்று. பேராதனைப் பாலம் தாண்டிப் போயிராத எனக்கு, லண்டன் வீட்டில் நிலக்கரி எங்கே கொட்டுவார்கள் என்று தெரிந்தது.

சவரிமுத்து அண்ணன் தேரை பட்ட கழுத்தில் ஒரு வாரம் சுண்ணாம்பு தடவிக்கொண்டு திரிந்தார். "கல்லுக்குள்ள இருக்கிற தேரைக்கும் ஆண்டவன் படியளப்பான்னு சொல்லுவாங்க. நீ அதுக்குப் பாலே காய்ச்சிட்ட புள்ள" என்பார், என்னைக் காணும்போதெல்லாம்.

அடுத்த கப்பலில் சேதி வந்தது. இருமல் நின்றுவிட்டதாம். பால் பொங்கியதாலா, சீமை மருந்தாலா, நான் கேட்கவில்லை. வீடு முடிந்த அன்று துரைசாணி கடைசிக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "பவளம், பால்" என்றார். இந்த முறை முற்றத்தில் காய்ச்சினோம். பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் வைத்திருந்தார்.

அந்த வாளி இன்னும் என்னை விடவில்லை. எங்கள் பிள்ளைகள் யார் வீடு கட்டிப் பால் காய்ச்சினாலும், முதலில் என்னை வாசலில் கதிரை போட்டு உட்காரவைப்பார்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். மூத்த மருமகன் குனிந்து, "அத்தே, தேரையெல்லாம் வெளிய போயிருச்சுங்களா?" என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பேரப்பிள்ளைகள் பார்க்காத நேரம் கதவை டொக் டொக்கென்று தட்டி அலறவும் வைப்பேன்.

ஆனால் பால் பொங்கி, எல்லாரும் உள்ளே வரச் சொல்லிக் கூப்பிடும்போது, நான் உடனே எழும்ப மாட்டேன். முதலில் மாடி ஜன்னலை ஒருதரம் நன்றாகப் பார்ப்பேன். பிறகு வாளியையும் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போவேன்.