ஐயனார் கோயில் குதிரைக்கு வந்த சான்றிதழ்

ஒரு காட்டில் ஒரே ஒரு குதிரை இருந்தது. அதைக் கவனிக்க ஒரு கழுதை இருந்தது. கழுதை ஒழுங்காகக் கவனிக்கிறதா என்று பார்க்க ஓர் அலுவலகம் இருந்தது.

குதிரையின் பெயர் வடிவு. கழுதையின் பெயர் ஏழுமலை. ஊறவைத்த கொள்ளைக் காலையில் வைப்பதும், தேங்காய் நாரால் முதுகைத் தேய்த்துவிடுவதும், தொட்டியில் பாசி பிடிக்காமல் பார்த்துக்கொள்வதும் ஏழுமலையின் வேலை. பத்து வருடமாக அவனை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. ஒருநாள் வடிவின் முன்னங்காலில், லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே ஒரு கல் ஏறிக்கொண்டது. அதை எடுக்க விரல் வேண்டும். ஏழுமலைக்கும் குளம்புதான் இருந்தது.

லாடம் அடிப்பவர் முள்ளம்பன்றி. ஆணிக்காக அவர் எங்கேயும் போக வேண்டியதில்லை.

"ரெண்டு நிமிஷ வேலை," என்றார் அவர். "ஆனா உடல்நலச் சான்றிதழ் இல்லாத குதிரையை நான் தொடக்கூடாது. இன்னும் நாலு நாள் விட்டா உள்ள சீழ் வச்சிரும். அப்புறம் எழுந்திரிக்காது. சீக்கிரம் வாங்கிட்டு வாங்க."

அந்த அலுவலகத்தில் சான்றிதழ் தருபவர் கொக்கு. அவர் ஒரு காலில் நின்று, மறுகாலில் கைபேசியைப் பிடித்துக்கொண்டார். இருபது எண்ணும்வரை குதிரை அசையாமல் நின்றால் படம் பதிவாகும், படம் பதிவானால் சான்றிதழ் வரும்.

வடிவு வலித்த காலைத் தூக்கினாள். படம் ஏற்கப்படவில்லை என்றது கைபேசி. ஈயை விரட்ட வாலை ஆட்டினாள். ஏற்கப்படவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கல்லாக நின்றபோதும் வயிறு ஏறி இறங்கியது.

"மூச்சைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க, ஏழுமலை."

"உயிருள்ள குதிரை சார்."

கொக்கு படிவத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "அதுக்கு இதுல கட்டம் இல்லையே."

"அண்ணே, இருபது எண்ணுற வரைக்கும் செத்துப் பாக்கட்டுமா?" என்றாள் வடிவு.

"சும்மா இரு புள்ள."

மூன்று நாள் இப்படியே போயிற்று. நான்காம் நாள் காலையில் வடிவால் காலைத் தரையில் வைக்க முடியவில்லை. ஏழுமலை அவளைப் பார்த்தான். பிறகு நேராகப் போய்க் கொக்கை அழைத்துக்கொண்டு காட்டோரத்து ஐயனார் கோயிலுக்கு நடந்தான். அங்கே வாசலில், சுண்ணாம்பு பூசிய மண்குதிரை ஒன்று விழி பிதுங்க நின்றது.

"வடிவு இங்கதான் இருக்கா சார்."

"நல்லாத் தேறிட்டாளே!" என்றார் கொக்கு.

கைபேசி உடனே மணி அடித்தது. நொண்டல் இல்லை. ஈ இல்லை. இரைப்பு இல்லை. நூற்றுக்கு நூறு.

ஏழுமலை சான்றிதழைக் கவ்விக்கொண்டு முள்ளம்பன்றியிடம் ஓடினான். அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"நொண்டல் இல்லைன்னு போட்டிருக்கே. அப்ப நான் எதை எடுக்கறது? ஆனா கோயில் வாசல்ல நிக்கற குதிரைக்கு அலுவலகத்துலேர்ந்து புது லாடம் நாலு வந்திருக்கு. அதை அடிச்சே ஆகணும்."

அவர் கோயிலுக்குக் கிளம்பினார். அவருக்கு முன்னால் கொள்ளு மூட்டையும் அங்கே போய்விட்டது. ஏழுமலைக்கு வேறு வழி தெரியவில்லை. வடிவை மூன்று காலில் நடத்திக்கொண்டு, கொள்ளாவது கிடைக்கட்டும் என்று பின்னாலேயே போனான்.

லாடம் அடிப்பதைப் படமெடுக்க வந்திருந்த கொக்கு நிமிர்ந்தார். மூன்று நாளும் வடிவைக் கைபேசி வழியாகவே பார்த்தவர் அவர்.

"இது யாரு?"

ஏழுமலை இருவருக்கும் நடுவே வந்து நின்றான். "இவங்க... அந்தக் குதிரையைப் பராமரிக்க வந்தவங்க சார்."

"ஏன் நொண்டுறாங்க?"

"கால்ல கல்லு."

கொக்கின் கழுத்து நீண்டது. "நூத்துக்கு நூறு வாங்கின குதிரை! அதைக் கவனிக்கறவங்க நொண்டினா மேலிடத்துல என்ன நினைப்பாங்க? லாடக்காரரே, முதல்ல இந்தக் காலைப் பாருங்க."

"சான்றிதழ்?"

"பணியாளுக்கு எதுக்குய்யா சான்றிதழ்?"

இரண்டு நிமிடம்தான் ஆயிற்று. கல் புளியங்கொட்டை அளவுகூட இல்லை. வடிவு காலை மெல்ல ஊன்றினாள். நம்பாமல் இன்னொரு முறை ஊன்றினாள்.

ஒரு குதிரைக்கு ஒரு பராமரிப்பாளர்தான் என்பது விதி. ஆகவே அலுவலகப் பதிவேட்டில் பராமரிப்பாளராக வடிவின் பெயரை எழுதும்போது ஏழுமலையின் பெயரை அடித்தார்கள். இப்போது வடிவு தினமும் மண்குதிரையின் முன் கொள்ளு வைக்கிறாள். அது தொடுவதில்லை. மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் அவளே தின்கிறாள். உடம்பு மினுமினுக்கிறது.

ஒருநாள் ஏழுமலை பார்க்கப் போனான். அவள் தேங்காய் நாரால் மண்குதிரையின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா தேய் புள்ள, சுண்ணாம்பு உரியுது," என்று அருகில் வந்தான்.

"அண்ணே, தள்ளி நில்லுங்க," என்றாள் வடிவு. "குதிரை மிரளும்."

நீதி: குதிரையை ஆரோக்கியமாக வைத்துக்கொள்ள விரும்புகிறவர், மண்ணால் இன்னொரு குதிரை செய்து, உயிருள்ளதை அதற்கு வேலைக்கு வைக்க வேண்டும்.