கைக்குட்டை போட்ட நாற்காலி

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளைக்கு,

மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், போனில் என்னைத் திட்டிய வேகத்திலேயே ஆரோக்கியம் தெரிந்துவிட்டது. வெளிநாடு போய் வந்தவன் உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை என்று அவளுக்குக் கோபம். நியாயம்தான். அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

என்னை எதற்கு அனுப்பினார்கள் என்று முதலில் சொல்கிறேன். எங்கள் பம்பு கம்பெனியின் வெளிநாட்டு அலுவலகத்தில் யாருக்கும் சொந்த இடம் கிடையாதாம், காலையில் எந்த நாற்காலி காலியோ அதில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்களாம், அதையே இங்கேயும் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் மேலாளருக்கு ஆசை. “நீங்க ரெண்டு வாரம் இருந்து பாத்துட்டு வாங்க. வேண்டாம்னு நீங்க எழுதினா விட்டுடறேன்” என்றார். யாரிடம் சொல்கிறார் பாருங்கள்! வரைபடப் பிரிவில் ஜன்னலோரம் முப்பத்தோரு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனிடம்! அதன் கால் ஆடியபோது உங்கள் தச்சுப் பட்டறையிலிருந்து வந்து கட்டை வைத்து ஆணி அடித்துக் கொடுத்தவரே நீங்கள்தானே. பிரிவில் இருந்த பதினெட்டுப் பேரும் வாசல் வரை வந்து, “நம்ம இடம் உங்க கையிலதான் இருக்கு சார்” என்று வழியனுப்பினார்கள். விமானம் ஏறும்போதே ‘வேண்டாம்’ என்று மனதுக்குள் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

ஆனால் மாப்பிள்ளை, அந்த அலுவலகத்தைப் பார்த்தால் நீங்களும் வாயடைத்துப் போவீர்கள். மேசைமேல் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது, மாலையில் அவரவர் மேசையை அவரவரே துடைத்துவிட்டுப் போகிறார்கள், நான் மூக்குக்கண்ணாடியை மூன்று நாள் மூன்று இடத்தில் மறந்து வைத்தேன், மூன்று நாளும் யாரோ ஒருவர் தேடிவந்து கொடுத்தார், மூன்றாவது நாள் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறும் கட்டிக் கொடுத்தார். ஐம்பது பேருக்கும் மேலதிகாரியான தலைமை அம்மையார் தான் குடித்த காபிக் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்க்கிறார். நான் என் கோப்பையை வழக்கம்போல மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன், திரும்பிப் பார்த்தால் அதையும் அவரே கழுவிக்கொண்டிருக்கிறார்! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் ரோஷத்தோடு கண்ணில் பட்ட கோப்பை எல்லாவற்றையும் கழுவித் தள்ளினேன். அதில் ஒன்றில் பாதித் தேநீர் இருந்திருக்கிறது, அதற்குரியவர் பாவம் அரைமணி நேரம் தேடினார்.

இனிமேல்தான் விஷயமே. முதல் நாள் ஜன்னலோரம் ஒரு நாற்காலி கிடைத்தது. இரண்டாம் நாள் போனால் அதில் வேறொருவர். விதி தெரிந்துதான் போயிருந்தேன், ஆனாலும் மனசு கேட்கவில்லை. பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கப்போகிறவருக்குப் பின்னால் நிற்பதுபோல அவருக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தேன். வரவேற்பில் இருந்த அம்மா, நல்லவேளையாக நம் பாஷை பேசுகிறவர், ஓடிவந்து, “சார், அவரு சாயங்காலம்தான் எழுந்திருப்பாரு, வேற இடத்துல உக்காருங்க” என்று கூட்டிப்போனார். மூன்றாம் நாள் எல்லோருக்கும் முன்னால் போய், அந்த நாற்காலியில் என் கைக்குட்டையைப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன். கை தானாகச் செய்த காரியம் அது. திரும்பி வந்தால் நாலு பேர் சுற்றி நின்று கைக்குட்டையைப் பார்க்கிறார்கள். என் மானத்தைக் காப்பாற்ற வரவேற்பு அம்மா, “இவங்க ஆபீஸ்ல இது ஒரு மரியாதை” என்று அவர்கள் பாஷையில் அளந்துவிட்டார்.

வந்தது வினை. எனக்கு மரியாதை செய்கிறோம் என்று மறுநாள் ஆறு நாற்காலியில் கைக்குட்டை. வெள்ளிக்கிழமை முப்பது. திங்கட்கிழமை பார்த்தால் கைக்குட்டை இல்லாத நாற்காலியே கிடையாது, அவரவர் இடம் அவரவருக்கு என்று ஆகிவிட்டது, தலைமை அம்மையார் மடிக்கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு நடைவழியில் நிற்கிறார்! இரண்டு வருஷமாகக் கட்டிக்காத்த ஏற்பாட்டை நாலே நாளில் நாசம் பண்ணிவிட்டேனே என்று பதறிப்போனேன். எழுந்து, என் கைக்குட்டையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, “நீங்க உக்காருங்கம்மா” என்றேன். அவருக்குப் பாஷை புரியவில்லை, காரியம் புரிந்தது. கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்து ஒவ்வொருவராக எழுந்து கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை மாப்பிள்ளை! கிளம்பும் நாளில் ஒரு புதுக் கைக்குட்டை கொடுத்தார்கள், ஐம்பது பேரின் கையெழுத்து, நடுவில் தலைமை அம்மையாருடையது. நான் அழுதுவிட்டேன். அப்படிப்பட்ட மனிதர்கள்.

ஆகவே ‘மிக நல்ல ஏற்பாடு, உடனே இங்கேயும் கொண்டுவரலாம்’ என்று நேற்று அறிக்கை கொடுத்துவிட்டேன். பதினெட்டுப் பேரும் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை. நாற்காலி என்பது வெறும் மரம். அதன்மேல் எனக்கு இருந்த பற்று அறுந்துவிட்டது. இங்கே புது நாற்காலிகள் வரப்போகின்றன, சனிக்கிழமை உங்கள் வண்டியைக் கொண்டுவந்து என் பழைய நாற்காலியை எடுத்துப்போய் விறகாக்கினாலும் சம்மதமே.

தங்கைக்கு என் ஆசியையும், பிள்ளைகளுக்கு என் அன்பையும், உங்களுக்கு என் வணக்கத்தையும் சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
பற்றற்ற மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போட மறந்து சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். நல்லதாகப் போயிற்று. இன்று காலையே திட்டத்தை ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்பது மணிக்குப் போனால் என் நாற்காலியில் தபால் பிரிவுக்காரர் காலை நீட்டிக்கொண்டு ஜன்னலில் வேடிக்கை பார்க்கிறார். “நீங்கதானே சார் நல்ல ஏற்பாடுன்னு எழுதினீங்க?” என்கிறார். அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அரைமணி கழித்துத் தண்ணீர் குடிக்க எழுந்தார். அவ்வளவுதான்! ஐம்பது கையெழுத்துக் கைக்குட்டை இப்போது நாற்காலி முதுகில் விரிந்து கிடக்கிறது. மேலாளர் வந்தார், நடுவில் இருந்த தலைமை அம்மையாரின் கையெழுத்தை உற்றுப் பார்த்தார், கைக்குட்டையைத் தொடாமலே திரும்பிப் போய்விட்டார். சனிக்கிழமை வண்டி வேண்டாம் மாப்பிள்ளை. சுத்தியலும் இரண்டு ஆணியும் மட்டும் எடுத்து வாருங்கள், கால் மறுபடியும் ஆடுகிறது.