ஆண்டவருக்கு ஒரு கதிரை

கண்டியில் கடவுள் குடியிருக்கும் இடங்கள் பல என்று உல்லாசப் பயணிகளுக்குச் சொல்லப்படுகிறது. சொல்லப்படாத இடம் ஒன்றும் உண்டு. விசுவாசமும் வியாபாரமும் உலக வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரே பில்லில் எழுதப்பட்ட அந்த இடம், எங்கள் 'கானான் டெக்ஸ்டைல்ஸ்'. அங்கே மெனேஜராக இருக்கும் பாக்கியம் பெற்றவன் என்ற முறையில், பின்வரும் உண்மைகளை வருங்காலச் சந்ததியின் நன்மைக்காகப் பணிவுடன் எழுதி வைக்கிறேன்.

கானான் என்பது பாலும் தேனும் ஓடும் தேசம் என்று முதலாளி சொல்வார். எங்கள் கடையில் பத்து மணிக்குப் பிளேன்டீ ஓடும். முதலாளியின் பெயர் கிருஷ்ணராஜ். பெயரில் கிருஷ்ணர் இருந்தாலும் உள்ளத்தில் கிறிஸ்து. ஞானஸ்நானம் எடுத்தபோது பெயரையும் மாற்றலாம் என்றார்களாம். வங்கிக் கணக்கு, வேன் லைசன்ஸ் எல்லாவற்றையும் மாற்றுவதற்கு எத்தனை நாள் அலைய வேண்டும் என்று விசாரித்துவிட்டு, பழைய பெயரையே கர்த்தருக்குள் வைத்துக்கொண்டார்.

கடையில் கதிரைகள் இரண்டு. ஒன்று காசு மேசைக்குப் பின்னால், முதலாளிக்கு. மற்றது படிக்கட்டு அருகே, எனக்கு. வாடிக்கையாளர் அமர நீளமான வாங்கு ஒன்று உண்டு. அவர்கள் செய்ய வேண்டியது அதன் பெயரிலேயே இருக்கிறது. விற்பனைப் பிள்ளைகளுக்கு ஆண்டவர் கால்களைக் கொடுத்திருக்கிறார். காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து இரவில் இறங்கும்வரை அவர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கு மேலே சுவரில், பாரம் சுமந்து களைத்தவர்கள் தம்மிடம் வந்தால் இளைப்பாறலாம் என்று இயேசு அழைக்கும் வசனம் தங்க எழுத்தில் தொங்குகிறது. ஆணி அடித்தவன் நான்தான்.

போன வருடம் முதலாளி கொழும்பில் ஒரு ஹோட்டலில் நடந்த 'வேலைத்தலத்தில் விசுவாசம்' என்ற செமினாருக்குப் போனார். போகும்போது ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவர். திரும்பி வரும்போது ஏழு நாள் கிறிஸ்தவர்.

"வேலை வேற, ஆராதனை வேற இல்ல, பிரதர் ரவிகுமார்! சாரி மடிக்கிறதும் ஜெபம்தான். பில் போடுறதும் ஜெபம்தான்."

நான் கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிடுகிறவன். ஆனாலும் சம்பளம் தருகிறவர் பிரதர் என்றால் பிரதர்தான். அன்றே 'விசுவாச வியாபார ஒருங்கிணைப்புக் குழு' உதயமானது. தலைவர் அவர். செயலாளர் நான். உறுப்பினர்கள் நாங்கள் இருவரும்.

குழுவின் முன் வந்த முதல் விவகாரம் கஜலட்சுமி. சிறுவர் உடுப்புப் பகுதியில் நிற்பவள். மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்து, குண்டசாலையில் வாழ்க்கைப்பட்டவள். வயிற்றில் ஆறு மாதம்.

"சேர், எனக்கு ஒரு கதிரை போட்டுக் குடுங்க சேர். கால் வீங்குது. ப்ரெஷரும் கூடியிருக்காம். ரொம்ப நேரம் நிக்கக் கூடாதுன்னு கிளினிக்ல மிஸ் ஏசுறாங்க."

"அப்ப லீவு போடலாமே, புள்ள?"

"இப்பவே லீவ எடுத்து முடிச்சா, பொறந்தப்புறம் எதை சேர் எடுக்கிறது?" கையிலிருந்த குழந்தைச் சட்டையை மடித்தாள். "போன தடவ புள்ள தங்கல்ல சேர். பஸ்ல ஏறினாக்கூட யாராச்சும் எந்திரிச்சு எடம் குடுத்துர்றாங்க. இங்கதான் நிக்க வேண்டியிருக்கு."

செயலாளர் என்ற முறையில் கோரிக்கையைக் குழுவின் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

குழு அவசரமாகக் கூடியது. நிற்பதைப் பற்றி நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஆழமாக ஆராய்ந்தோம்.

"பிரதர், செங்கடலுக்கு முன்னால மோசே என்ன செஞ்சாரு?"

"கடலைப் பிரிச்சாரு சேர்."

"அதுக்கு முன்னால?"

"தெரியல்லயே சேர்."

"நின்னாரு! உக்காந்துக்கிட்டு இருந்தா கடல் பிரியுமா?"

"பிரியாது சேர்."

"அப்ப சேல்ஸ் மட்டும் எப்படி ஓடும்?"

கோரிக்கை ஜெபத்துடன் நிராகரிக்கப்பட்டது. ஆனால் முதலாளி கல்நெஞ்சக்காரர் அல்ல. உடலுக்கு மறுத்ததை ஆவிக்குக் கொடுத்தார். உடை மாற்றும் அறைக்குப் பக்கத்தில் பழைய கம்பளத்தை விரித்து, இரண்டு குஷன் போட்டு, அதை 'ஜெப மூலை' ஆக்கினார். வேலை நேரத்தில் யாருக்கு ஆவியில் ஏவுதல் உண்டானாலும் அங்கே போய் முழங்காலில் நின்று ஜெபிக்கலாம். எந்த மதமானாலும் சரி. ஜெபிப்பவரை யாரும் தடுக்கக் கூடாது. செமினாரில் சொல்லிக் கொடுத்த முறையாம்.

அதன்பின் நடந்ததுதான் அற்புதம். முதலில் கஜலட்சுமிக்கு ஏவுதல் உண்டானது. முழங்காலில் நின்றாள். பிறகு குதிகாலில் அமர்ந்தாள். பிறகு சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடி ஆண்டவரோடு ஒன்றிப் போனாள். அடுத்த நாள் பக்கத்துக் கவுண்டர் சுதர்சினிக்கு ஏவுதல். அந்த வாரமே முழுக் கடைக்கும். சாரிப் பகுதியில் நிற்கும் பாலாம்பிகை அக்கா நெற்றி நிறைய விபூதியோடு கம்பளத்தில் அமர்ந்து, நரம்பு புடைத்த காலைத் தடவியபடி ஜெபித்தார்.

"அக்கா, நீங்களுமா?" என்றேன்.

"எந்தச் சாமியா இருந்தா என்ன தம்பி? உக்கார வைக்கிற சாமி நல்ல சாமி."

சேர்ட் பகுதி அர்கமுக்கு மட்டும் திருப்தி இல்லை. அவர் மதியம் லுஹர் தொழப் போவதை, குழு உதயமாகும் முன்பே முதலாளி 'நேர விரயம்' என்று தீர்மானித்திருந்தார். "சேர், குத்தமா நெனைக்காதீங்க. எங்கட தொழுகைல குறட்டை வராது," என்றார். பிற மதத்தவருக்கு ஆழ்ந்த தியானம் விளங்குவது கடினம்.

இப்படித் திரளாகப் பக்தி பெருகுவதற்குச் சபைகளில் 'எழுப்புதல்' என்று பெயர். எங்கள் கடையில் எழுப்புதல் வந்தது, எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

செய்தி கொழும்புக்கு எட்டியது. செமினார் நடத்திய பிரதர் ஃபோனும் அதை நிறுத்தி வைக்கும் முக்காலியுமாகச் சாட்சி பதிவு செய்ய வந்தார். அதிகமாக ஜெபிப்பவர் யார் என்று கேட்டார். எல்லோரும் கஜலட்சுமியைக் காட்டினார்கள்.

"சிஸ்டர், தினமும் ஆண்டவரிடம் என்ன கேட்கிறீங்க?"

"ஒரு கதிரை சேர்."

"ஆமென்! பரலோகத்தில் ஒரு சிங்காசனம்!"

"அவ்வளவு தூரம் வேணாம் சேர். பிளாஸ்டிக் கதிரை போதும். இந்தா, இந்தக் கவுண்டர் பக்கத்துல."

பிரதர் ஃபோனை நிறுத்தினார். "இந்த எடத்த எடிட் பண்ணிரலாம்," என்றார்.

ஆனால் முதலாளியின் கண்கள் கலங்கியிருந்தன. நான் கண்ணால் கண்டேன். "பிரதர் ரவிகுமார், அந்தப் பிள்ளை வாயால ஆண்டவரே பேசிட்டார். நாளைக்கே கதிரை வாங்குறேன்!" கடை முழுக்கக் கை தட்டியது. கஜலட்சுமி அழுதேவிட்டாள். அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கதிரை வந்தது. பிளாஸ்டிக் அல்ல. மொரட்டுவையில் செய்த தேக்குக் கதிரை. சிவப்பு வெல்வெட் மெத்தை. கைப்பிடியில் திராட்சைக் கொடி. கஜலட்சுமி நிற்கும் கவுண்டருக்குப் பக்கத்திலேயே அதை வைத்துவிட்டு முதலாளி உரையாற்றினார்.

"இந்தக் கடைக்கு உண்மையான முதலாளி நான் இல்ல. ஆண்டவர். கண்ணுக்குத் தெரியாம எப்பவும் நம்மோட இருக்கிறவர். இத்தனை நாளா நாம அவரை நிக்க வச்சிருந்தோம்! நினைச்சாலே நெஞ்சு வலிக்குது. இண்டையிலருந்து இது அவருடைய கதிரை. வேற யாரும் தொடக் கூடாது. கஜலட்சுமி மட்டும் தினமும் தூசி தட்டணும்."

அதே உரையில் ஜெப மூலையும் ஒழிக்கப்பட்டது. முதலாளியே வந்து அமர்ந்திருக்கும்போது வேலைக்காரர் அமர்வது மரியாதை அல்ல என்பதால், இனி எல்லோரும் நின்ற இடத்திலேயே ஜெபிக்கலாம். கம்பளத்தைச் சுருட்டியவனும் நான்தான். கஜலட்சுமி துணியை எடுத்துக் கதிரையைத் தூசி தட்டினாள்.

நத்தார் சீசன் வந்தது. கண்ணாடி ஜன்னலில் நான் பாலன் குடில் கட்டினேன். நிறைமாதக்காரி மரியாளுக்குச் சத்திரத்தில் இடம் கிடைக்காத கதையை வாடிக்கையாளர்கள் பார்த்து உருகினார்கள். மரியாள் அமரக் கொஞ்சம் வைக்கோல் போட்டிருந்தேன்.

நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை கடையில் காலடி வைக்க இடமில்லை. பிள்ளைகளின் சட்டைகளை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்த கஜலட்சுமி, திடீரென்று கவுண்டரை இறுகப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு கையால் வயிற்றைத் தாங்கினாள். என்னைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள். பிறகு மெல்ல நடந்து போய், வெல்வெட் மெத்தையில் உட்கார்ந்தாள்.

முதலாளி தன் கதிரையில் இருந்தபடியே கத்தினார்.

"ஏய்! எந்திரி! அது யாருடைய கதிரைன்னு தெரியுமா?"

"தெரியும் முதலாளி."

"அதுல ஆண்டவர் உக்காந்திருக்காரு!"

"உக்காந்துதான் முதலாளி இருந்தாரு," என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டு. "என்னைப் பாத்ததும் எந்திரிச்சு எடம் குடுத்துட்டாரு."

முதலாளி தன் கதிரையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே வருங்காலச் சந்ததிக்காக எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் கடையில் இப்போது கதிரைகள் மூன்று. ஒன்றில் முதலாளி, ஒன்றில் நான், ஒன்றில் ஆண்டவர். அன்றைக்கு எழுந்தவர் ஒருவர்தான்.